முதல் ராலிகுரொஸ் கார்: மாருதியா, மார்ச்சா, லேசரா?

10 யூன் 2025, மாலை 6.15 (கேள்வி)

நான் கோண்டாவில். வயது 24. கையில் 18 இலட்சம் இருக்கிறது. மாமா இன்னும் 2 இலட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் ஒரு சுப்பர்குரொஸிலாவது, அந்த மண் வளையக் கார்ப் பந்தயத்தில், ஓட வேண்டும். மாருதி 800 வாங்கினால் மிச்சக் காசில் மற்ற வேலைகளைச் செய்யலாம் என்று நினைக்கிறேன். ஒரு நண்பர் போர்ட் லேசரைத் தவிர வேறு வழியில்லை என்கிறார். இன்னொருவர், நாலு சில்லும் இழுக்கிற கார் இல்லாவிட்டால் மண்ணுக்குப் போகவே வேண்டாம் என்கிறார். யாருடைய கதையைக் கேட்பது?

10 யூன், இரவு 10.40 (பதில்)

நாலு சில்லு சொன்னவரை முதலில் ஒதுக்கி வையும். மண்ணில் அது பிடிக்கும்தான், மறுக்கவில்லை. ஆனால் முன்னுக்கு ஒரு டிபரன்ஷியல், பின்னுக்கு ஒன்று, நடுவில் இன்னொரு பெட்டி, நாலு சில்லுக்கும் அச்சு. அதில் ஒன்று உடைந்தால் மாமாவின் 2 இலட்சம் அந்த ஒரு சாமானுக்கே காணாது.

முதல் கார் என்றால் முன்சில்லு இழுவை. எஞ்சினும் கியர்பெட்டியும் இழுக்கிற சில்லுக்கு மேலேயே குந்தியிருக்கின்றன, காரின் பாரத்தில் பாதிக்கு மேல் அங்கேதான். கிரவலில் கால் வைத்தவுடன் இழுத்துக்கொண்டு போகும். பிழை விட்டாலும் பெரும்பாலும் மூக்குத்தான் வெளியே போகும், வால் சுற்றாது.

என் வாக்கு மாருதிக்கு. 796 சீசீ, மூன்று சிலிண்டர், எடை 650 கிலோ அளவு. கவிழ்ந்தால் நாலு பேர் சேர்ந்து நிமிர்த்தலாம். யாழ்ப்பாணத்து மெக்கானிக்மாருக்கு அதன் கபிரேற்றர் தண்ணீர்பட்ட பாடு. வாங்கும்.

11 யூன், காலை 7.05

நேற்று எழுதியதை அழிக்கலாமா என்று பார்த்தேன். கிடக்கட்டும், நித்திரைத் தூக்கத்தில் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சாட்சி.

நான் மறந்தது வகுப்பை. எங்கள் நாட்டில் கார் பந்தயங்கள் வகுப்பு வகுப்பாகத்தான் நடக்கின்றன. நிசான் மார்ச் கே11க்குத் தனிப் பந்தயம், போர்ட் லேசர் - மஸ்டா 1500 சீசீக்குத் தனிப் பந்தயம், அதற்கு மேலே பெரிய எஞ்சின்காரரின் வகுப்புகள். உம்முடைய கார் எந்த வகுப்பிலும் பொருந்தாவிட்டால் பெரிய கார்களோடு சேர்த்து விடுவார்கள், அல்லது விடவே மாட்டார்கள். 37 குதிரைவலு மாருதியைக் கொண்டு போய் 1500 சீசீ லேசர்களுக்குப் பின்னால் நின்றால், பந்தயம் முழுக்க அவர்கள் கிளப்புகிற புழுதியைத்தான் குடிப்பீர்.

ஆகவே முதலில் எந்தக் கார் என்று கேட்கக் கூடாது. எந்தப் பந்தயம் என்று கேட்க வேண்டும். எங்களுக்குக் கிட்ட உள்ளது அனுராதபுரம் சாலியபுரத்தில் நடக்கிற கஜபா சுப்பர்குரொஸ், ஏ9 வீதியால் 200 கிலோமீற்றருக்குக் கிட்ட. பிறகு விமானப்படை நடத்துகிற சீகிரியா ராலிகுரொஸ். தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயம் என்றால் நாட்டின் மறுபக்கம், மலை ஏற வேண்டும். ஒவ்வொரு போட்டிக்கும் விதிப் புத்தகம் வரும். போன வருடத்துப் புத்தகத்தை யாரிடமாவது வாங்கி, எந்த வகுப்பில் என்ன மாற்றலாம், என்ன மாற்றக் கூடாது என்று இரண்டு தரம் வாசியும். கார் பிறகு.

இப்போது என் வாக்கு மார்ச்சுக்கு. மாருதிக்காரர் ஆறுதலாகத் திட்டலாம்.

11 யூன், இரவு 9.20

ஒருவர் கேட்கிறார்: சுப்பர்குரொஸ், ராலிகுரொஸ் எல்லாம் ஒன்றா?

ஊருக்கு ஊர் வேறு. ராலிகுரொஸ் பிறந்தது இங்கிலாந்தில், கென்ட் பகுதியின் லிடன் ஹில்லில், 1967 பெப்ரவரி 4. தொலைக்காட்சிக்காக நடத்திய ஓட்டம். ராலிக்காரர்களைக் கொண்டு வந்து பாதி தார், பாதி மண்ணான சிறிய வளையத்தில் ஓட விட்டார்கள். போர்ஷே 911 ஓட்டிய விக் எல்ஃபர்ட் வென்றார். 1976 இல் அது அதிகாரபூர்வ ஐரோப்பியப் போட்டித் தொடராகி, 2014 இல் உலகத் தொடரானது. அங்கே கார்கள் பக்கத்துக்குப் பக்கம் முட்டிக்கொண்டு ஓடும். அமெரிக்காவில் அதே பெயரில் தொழில் அல்லாதவர்கள் செய்வது வேறு: வெளியில் கூம்பு வைத்து ஒவ்வொருவராக ஓடுவார்கள், கடிகாரம்தான் எதிரி. கூம்பை இடித்தால் நேரம் கூடும், அவ்வளவுதான். வீட்டுக் காரையே கொண்டு போய் ஓடிவிட்டு அதிலேயே திரும்பி வரலாம்.

எங்களுடையது, பெயர் சுப்பர்குரொஸ் என்றாலும் ராலிகுரொஸ் என்றாலும், முழுக்க மண், கிரவல் வளையம், பக்கத்துக்குப் பக்கம். அதே வளையத்தில் மோட்டார் சைக்கிளும் ஓடும். ஆகவே அமெரிக்கக்காரர் "எந்தக் காரையும் கொண்டு வா" என்று வீடியோவில் சொல்வதை நம்பி இங்கே இறங்காதேயும். அவருக்கு முன்னால் நிற்பது பிளாஸ்ரிக் கூம்பு. உமக்கு முன்னால் நிற்பது இன்னொருவருடைய கதவு.

12 யூன், பிற்பகல் 1.30

உருள் கூட்டைப் பற்றி, அதாவது கார் கவிழ்ந்தால் ஓட்டுகிறவர் நசுங்காமல் உள்ளே போடுகிற குழாய்ச் சட்டம். நீர் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். கார் வாங்குகிறவர்கள் எல்லோரும் கடைசியாக நினைப்பது இதைத்தான்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் நானும் இரண்டு நண்பர்களும் ஒரு பழைய ஸ்ரார்லெற்றைப் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்தோம். உருள் கூடு செய்ய ஊரில் ஒரு வெல்டிங் கடைக்குக் கொண்டு போனோம். நல்ல கைக்காரர். கேற் செய்தால் கோயில் வாசலில் வைக்கலாம், அப்படி வேலை. ஒரு கிழமையில் கூடு போட்டு, நீல நிறம் அடித்து, காசும் குறைவாகவே வாங்கினார். எங்களுக்குப் புளுகம் தாங்கவில்லை. பந்தயத்துக்கு முதல் நாள் பரிசோதனையில் அதிகாரி ஒரு விரலால் குழாயைத் தட்டிப் பார்த்தார். பிறகு இணைப்பைச் சுரண்டினார். நாகம் பூசிய தண்ணீர்க் குழாய்! கிணற்றுக்கு மோட்டார் பூட்டுகிற அதே குழாய். காரை லொறியிலிருந்து முழுதாக இறக்கக்கூட இல்லை, திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தோம். வவுனியா வரும்வரை ஒருவரும் கதைக்கவில்லை.

தண்ணீர்க் குழாய் அடிபட்டால் வளையாமல் மடியும், இணைப்பில் வெடிக்கும். நாகப் பூச்சின் மேல் வெல்ட் பிடிப்பதும் குறைவு. சர்வதேச விதியில் கேட்பது தையல் இல்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் உருக்குக் குழாய், சதுர மில்லிமீற்றருக்கு 350 நியூட்டன் இழுவலு. தலைக்குப் பின்னால் வருகிற பிரதான வளைவுக்கு 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 தடிப்பும், அல்லது 50 விட்டமும் 2 தடிப்பும். மற்றவற்றுக்கு 38 இல் 2.5, அல்லது 40 இல் 2. கூடு தரையில் நிற்கிற இடத்தில் 3 மில்லிமீற்றர் தகடு, 120 சதுர சென்ரிமீற்றருக்குக் குறையாமல். அது இல்லாவிட்டால் கார் கவிழும்போது குழாய் தரைத் தகரத்தைக் குத்திக்கொண்டு கீழே போய்விடும். உள்ளூர் விதி இதிலிருந்து கொஞ்சம் மாறலாம். குழாய் வாங்க முதல் பரிசோதிக்கிறவரிடமே கேளும்.

எங்கள் வெல்டிங் அண்ணையில் பிழை சொல்ல ஏலாது. பார்வைக்கு வடிவாக ஒரு கூடு வேண்டும் என்று கேட்டது நாங்கள்தான்.

12 யூன், பிற்பகல் 2.05

மேலே ஒன்றை விட்டுவிட்டேன். இருக்கைக்கும் இருக்கைப் பட்டிக்கும் ஆயுள் உண்டு. சர்வதேச மோட்டார் சங்கமான எப்ஐஏவின் 8855-1999 வகை இருக்கை செய்த நாளிலிருந்து 5 வருடம். "ஒரே ஒரு பந்தயம் ஓடியது" என்று விற்கிறவர்கள் ஒட்டியிருக்கிற திகதியைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டுதான் படம் போடுவார்கள்.

15 யூன், காலை 8.50

பயிற்சி எங்கே செய்வது என்று கேட்டிருந்தீர். யாழ்ப்பாணத்தில் வளையம் இல்லை. வல்லை வெளியைப் பார்த்தால் எல்லோருக்கும் ஆசை வரும். வீதியில் ஓட்டிப் படம் எடுத்துப் போடுகிற வேலை வேண்டாம். முகமாலைப் பக்கம் வெட்டையாகக் கிடக்கிறதே என்று இறங்கவும் கூடாது. அங்கே கண்ணிவெடி அகற்றுகிற வேலை வருடக்கணக்காக நடந்த நிலம். மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமெல்லாம் துப்புரவான இடம் என்று நினைக்காதேயும்.

நாங்கள் செய்தது: காலபோக அறுவடை முடிந்த பிறகு கிளிநொச்சியில் சித்தப்பாவின் வயல். வெறும் பெயின்ற் ரின்களை வைத்து வளைவு போட்டோம். முதல் நாள் ஹாண்ட் பிரேக் இழுத்து வாலைச் சுற்றப் பழகினேன். இரண்டாம் நாள் கால் எடுத்தாலே வால் இலேசாவதைக் கண்டுபிடித்தேன். முன்சில்லுக் காரில் வளைவுக்குள் போகும்போது அக்சிலேற்றரைச் சட்டென்று விட்டால் பாரம் முன்னுக்குப் போகும், பின்சில்லு வழுக்கும், கார் தானாக உள்ளே திரும்பும். பிறகு அக்சிலேற்றரை அமத்தினால் நேராக இழுக்கும். இடது காலால் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வலது காலால் அக்சிலேற்றரை அமத்துவது இதன் அடுத்த வகுப்பு. அதற்கு எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. இடது காலுக்குக் கிளச்சை மட்டும்தான் தெரியும், பிரேக்கில் வைத்தால் மிதித்து நெற்றியைக் கண்ணாடியில் கொண்டுபோய் விடும்.

மூன்றாம் நாள் வரம்பு தெரியாமல் ஏறினேன். சில்லைப் பிடிக்கிற முன் கீழ்க்கை வளைந்து சில்லு உள்ளே படுத்துக்கொண்டது. சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு இரண்டு மாடு வாங்கியிருந்தால் சவாரிக்காவது விட்டிருக்கலாம்" என்றார். மாட்டுவண்டிச் சவாரி வைக்கிற ஊர்க்காரருக்கு நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அங்கேயும் வகுப்பு உண்டு, அங்கேயும் என் மாடு போன வருடம் நல்லா ஓடியது என்றுதான் விற்பார்கள்.

15 யூன், இரவு 8.15

சவாரி பற்றி நான் எழுதியதற்குப் பதினொரு பதில், காரைப் பற்றி ஒன்று. சரி.

18 யூன், மாலை 5.30

கார் பார்க்கப் போகும்போது ஒரு காந்தம் கொண்டு போம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற சின்னக் காந்தம் காணும், ஒரு மெல்லிய துணிக்குள் சுற்றி. கதவுக்குக் கீழே ஓடுகிற சட்டம், முன் சொக் அப்சோபர் மேலே பிடிக்கிற கிண்ணம், பின்சில்லு வளைவு. காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, ஓட்டையை மூடின பட்டிப் பசைதான் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கார்களுக்கு எஞ்சின் போவதற்கு முன்னால் தகரம் போய்விடும். கடற்காற்று, உப்புத் தண்ணீர், அதற்கு மேல் மாரியில் தேங்கின வெள்ளம். காரைநகர், பருத்தித்துறைக் கரையில் வைத்து ஓடின காரென்றால் தரைக் கம்பளத்தைக் கட்டாயம் தூக்கிப் பாரும். கூடு நிற்கப் போவது அந்தத் தகரத்தில்தான்.

எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்குகிறவர்கள் நாங்கள். எஞ்சினைக் கொழும்பில் பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் வாங்கலாம். உக்காத உடம்பை வாங்க ஏலாது.

19 யூன், காலை 6.40

ஒரு ஐயா எழுதியிருக்கிறார், தன்னிடம் பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் நிற்கிறதாம், அதை ஓடினால் என்ன என்று. ஐயா, கோபிக்க வேண்டாம், அந்தக் காரை மண்ணில் புரட்டினால் பாவம் சேரும்.

தொண்ணூறுகளில் போர்த் தடையால் பெற்றோல் இல்லாத காலத்தில் இந்தக் கேம்பிரிட்ஜும் ஏ40யும் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பார்த்த தலைமுறை நான். சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோல், கபிரேற்றருக்குள் சீறி அடித்து ஸ்ராட் செய்து, சூடு ஏறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு, அதனால்தான் அந்த எண்ணெய்க்குத் தாக்குப் பிடித்தன. இப்போதைய எஞ்சினுக்குள் அதை விட்டால் தட்டித் தட்டியே பிஸ்ரனைத் தின்றுவிடும். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது என் அப்பா அந்தப் போத்தல் கதையை மூன்று நாள் தொடர்ந்து சொன்னார்.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சாமான் இல்லாத காலத்தில் எங்கள் மெக்கானிக்மார் பழகியது எதையும் ஓட வைக்கிற வித்தை. பந்தயத்துக்கு அது பாதி நல்லது, பாதி கூடாது. மண்ணெண்ணெயில் ஓட வைத்தவருக்கு "விதிப்படி இந்தப் போல்ற் 8.8 தரமாக இருக்க வேண்டும்" என்று சொன்னால் சிரிப்பார்.

19 யூன், இரவு 11.00

காலையில் எழுதியது பெருமையாகப் போய்விட்டது. அந்தத் தண்ணீர்க் குழாயும் இதே வித்தையில்தான் வந்தது.

24 யூன், மாலை 7.45

காசுக் கணக்கு. 20 இலட்சத்தையும் காரில் போடாதேயும். நான் பாதிதான் காருக்கு என்பேன். இறக்குமதி 2020 இல் நின்று, பிறகு 2025 பெப்ரவரியில் திறந்தும், பழைய கார் விலை இன்னும் தலைக்கு மேலேதான் நிற்கிறது. நல்ல பெயின்ற் அடித்த மார்ச் பாதிக் காசுக்கு வராது. ஆனால் உமக்கு ஏன் நல்ல பெயின்ற்? அடிபட்டு, காப்புறுதிக்காரர் கைவிட்டு, வீதிக்குத் திரும்ப ஏற்ற முடியாத கார்கள் இருக்கின்றன. பந்தயக் கார் லொறியில்தானே போகும். பதிவுப் புத்தகம் இல்லாததை வாங்கலாம், களவுக் காரை வாங்கக் கூடாது. செசி இலக்கத்தைப் பார்த்து, விற்கிறவரின் கடிதத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளும்.

மிச்சம் போகிற வழி: கூடு, இருக்கை, இருக்கைப் பட்டி, ஹெல்மெற், தீயணைப்பான், பற்றரியை வெளியிலிருந்து வெட்டுகிற சுவிட்ச், எஞ்சினுக்குக் கீழே காப்புத் தகடு. அடுத்தது ரயர். மார்ச்சுக்கு 13 அங்குலச் சில்லு, அந்த அளவில் ரயர் எடுப்பது கஷ்டமில்லை. சேற்றுக்கு ஒடுங்கின ரயர், வெட்டிக்கொண்டு கீழே உள்ள இறுக்கமான மண்ணைத் தொடும். அகல ரயர் போட்டால் வடிவு, ஆனால் சேற்றின் மேல் மிதக்கும். இதை நான் முன்பு மாறிச் சொல்லித் திரிந்தவன்.

லொறிக் கூலியையும் எழுதி வையும். எல்லோரும் அதை மறந்துவிட்டுப் பந்தயக் கிழமையில் அக்காவிடம் கடன் கேட்பார்கள். அக்கா என்றால் பொதுவாகச் சொன்னேன்.

24 யூன், மாலை 7.58

என் அக்கா இதை வாசிக்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது.

2 யூலை, இரவு 9.10

லேசர் நண்பருக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். போர்ட் என்று பெயர் இருந்தாலும் அது மஸ்டா பமிலியாதான், ஆகவே சாமான் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகும். அந்த வகுப்பில் ஓடுகிறவர்கள் பல வருடம் ஓடினவர்கள், பழக்கம் கேட்டால் சொல்லியும் தருவார்கள். ஆனால் கார்கள் எண்பதுகளில் பிறந்தவை. எங்கள் உப்புக் காற்றில் நாற்பது வருடம் நின்ற தகரத்தில் நான் கூடு ஒட்ட மாட்டேன். தெற்கில் மலைப்பக்கம் நின்ற லேசர் கிடைத்தால் கதை வேறு.

மார்ச் கே11 1992 இல் வந்தது. ஐரோப்பாவில் மைக்ரா என்ற பெயரில் 1993 இன் ஆண்டின் கார் விருதை வாங்கியது, ஜப்பான் கார் ஒன்றுக்கு அந்த விருது அதுவே முதல் தரம். எஞ்சினில் ரைமிங் பெல்ற் இல்லை, சங்கிலி. புழுதிக்குள் ஓடுகிறவனுக்கு அது ஒரு கவலை குறைவு. புழுதி என்றதும் நினைவு வந்தது, எங்கள் செம்மண் புழுதி வடிகட்டிக்குள் மா மாதிரி போய் இருந்துவிடும். பந்தயம் ஒன்றுக்கு ஒரு வடிகட்டி என்று வையும்.

6 யூலை, காலை 9.30

சுவீடன், பின்லாந்து, நோர்வேப் பக்கம் சாதாரண ஆட்கள் ஓடுகிற ஒரு வகை இருக்கிறது, சுவீடனில் போல்க்ரேஸ் என்பார்கள். அதன் விதிதான் எனக்கு உலகத்திலேயே பிடித்தது: பந்தயம் முடிந்ததும் விதித்த குறைந்த விலைக்கு உம்முடைய காரை யாரும் கேட்டு வாங்கலாம், நீர் மறுக்க ஏலாது. அதனால் ஒருவரும் காருக்குள் காசைக் கொட்டுவதில்லை. கொட்டினால் அடுத்தவன் அள்ளிக்கொண்டு போவான்.

இங்கே அப்படி ஒரு வகுப்பு வந்தால் நான் அடுத்த நாளே பெயர் கொடுப்பேன். யாழ்ப்பாணத்தான் தன் காரை விதித்த விலைக்குக் கொடுப்பானா என்று கேட்காதேயும். கொடுப்பான். பற்றரியைக் கழற்றிவிட்டு.

13 யூலை, மாலை 4.20

கோண்டாவில் தம்பி தனியாக எழுதியிருந்தார், அம்மா விடமாட்டேன் என்கிறாவாம். 2024 ஏப்ரல் 21 தியத்தலாவைச் செய்தியை வெட்டி வைத்திருக்கிறாவாம்.

அம்மாவோடு வாதாடாதேயும். அன்று பொக்ஸ் ஹில்லில் கார் ஒன்று பாதையை விட்டு ஆட்களுக்குள் போனது. 7 பேர் செத்தார்கள், 8 வயதுப் பிள்ளை உட்பட. கூட்டுக்குள் பட்டி கட்டி இருக்கிறவனை விட வெளியில் நிற்கிறவனுக்குத்தான் ஆபத்து. உம்மோடு வருகிற பெடியளை வளைவின் வெளிப்பக்கம் நிற்க விடாதேயும், படம் எடுக்கவும் வேண்டாம். கார் வழுக்கினால் போவது அந்தப் பக்கம்தான். அம்மாவை ஒரு தரம் கூட்டிக்கொண்டு போய்ப் பரிசோதனை நடப்பதைக் காட்டும். என் அம்மா அந்த அதிகாரி குழாயைத் தட்டின கதையைக் கேட்ட பிறகுதான் என்னை விட்டா. "தட்டிப் பார்க்க ஒரு ஆள் இருக்கு" என்றா.

20 யூலை, இரவு 8.30

நெல்லியடியில் ஒரு மார்ச் பார்த்தோம், நானும் தம்பியும். வெள்ளை நிறம். முன்பக்கம் அடிபட்டது, எஞ்சின் ஓடுகிறது. விற்கிறவர் தேத்தண்ணீர் தந்தார். காந்தம் இடது பக்கச் சட்டத்தில் ஒட்டவில்லை. வலது பக்கத்திலும் ஒட்டவில்லை. கம்பளத்தைத் தூக்கினால் நிலத்துப் புல் தெரிந்தது. விற்கிறவர் எங்களோடு சேர்ந்து குனிந்து பார்த்துவிட்டு, "காற்றோட்டம்" என்றார்.

தேத்தண்ணீர் நல்லா இருந்தது.

3 ஓகஸ்ட், மாலை 6.00

வவுனியாவில் இன்னொன்று இருக்கிறதாம், கடலுக்குத் தூரம். பின்பக்கம் அடி, கதவு ஒன்று இல்லை, தரை நல்லது என்று படம் வந்திருக்கிறது. படத்தில் தரையைக் காட்டி விற்கிற ஒருவரை முதல் தரம் பார்க்கிறேன். தம்பி, சனிக்கிழமை காலை 5.30க்குக் கோண்டாவில் சந்தியில் நில்லும். காந்தத்தை நான் கொண்டு வருகிறேன். சாக்கு ஒன்று நீர் கொண்டு வாரும், கீழே படுத்துப் பார்க்க.